டிப்ஸ் ஃபண்ட்: அமெரிக்கத் தமிழர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் 401கே (அலுவலகம் வழியான ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கு) பட்டியலைத் திறக்கும்போதெல்லாம், டிப்ஸ் ஃபண்ட் பற்றி, அதாவது விலைவாசியோடு அசல் மாறும் அமெரிக்க அரசுக் கடன் பத்திரங்களின் ஃபண்ட் பற்றி வரும் சந்தேகங்கள் இவை. 2022-க்குப் பிறகு கேள்விகளில் கொஞ்சம் கோபமும் சேர்ந்துகொண்டது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். கட்டணமும் யீல்டும் (கிடைக்கும் வருமான விகிதம்) மாறக்கூடியவை. வாங்கும் அன்று ஃபண்டின் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வரி பற்றிச் சொல்லியிருப்பவை பொது விதிகள். உங்கள் கணக்குக்கு உங்கள் சிபிஏ (வரிக் கணக்காளர்) சொல்வதே முடிவு.

டிப்ஸ், டிப்ஸ்னு சொல்றாங்களே, சாதா டிரெஷரி பாண்டுல இருந்து அது எங்க மாறுது?

அசலில் மாறுகிறது. சாதா டிரெஷரி பாண்டில் 1,000 டாலர் போட்டால் முதிர்வில் அதே 1,000 டாலர்தான் வரும். டிப்ஸில் அந்த 1,000 டாலர் விலைவாசிக் குறியீட்டோடு சேர்ந்து ஏறும், இறங்கும். வட்டி விகிதம் மாறாது, ஆனால் அது மாறிய அசலின் மேல் கணக்காகும். 2 சதவீத வட்டியுள்ள பத்திரம் என்று வையுங்கள். விலைவாசி 4 சதவீதம் ஏறியிருந்தால் அசல் 1,040 டாலர். அரையாண்டு வட்டி 10 டாலருக்குப் பதில் 10.40.

அமெரிக்கக் கருவூலம் 1997 ஜனவரியில் இதை முதன்முதலாக ஏலம் விட்டது. இப்போது 5, 10, 30 ஆண்டு என மூன்று வகை வருகிறது. இப்படிப் பல பத்திரங்களை ஒன்றாக வாங்கி வைத்திருப்பதுதான் டிப்ஸ் ஃபண்ட்.

விலைவாசியை யார் கணக்குப் போடுறாங்க? எங்க வீட்டு மளிகை பில் அதைவிட ஜாஸ்தியா ஏறுதே?

தொழிலாளர் புள்ளியியல் துறை மாதாமாதம் வெளியிடும் சிபிஐ-யு என்னும் நுகர்வோர் விலைக் குறியீடு, அதிலும் பருவகாலத் திருத்தம் செய்யாத எண். இதில் மளிகை ஒரு சிறு பங்குதான். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீட்டு வாடகையும், சொந்த வீட்டுக்காரர் தனக்குத் தானே கொடுப்பதாகக் கணக்கிடும் வாடகையும். எனவே குழந்தைக் காப்பகக் கட்டணமோ கல்லூரிக் கட்டணமோ பெரிதாக இருக்கும் குடும்பத்தின் செலவு குறியீட்டைவிட வேகமாக ஏறலாம். அந்த வித்தியாசத்தை டிப்ஸ் ஈடுகட்டாது.

ஒரு தாமதமும் உண்டு. ஏப்ரல் 1 அன்று பத்திரத்துக்குப் பயன்படும் குறியீடு ஜனவரி மாதத்தினுடையது. மே 1 அன்று பிப்ரவரியுடையது. இடைப்பட்ட நாட்களுக்கு அந்த இரண்டையும் வைத்து நாள் கணக்கில் பிரித்துக்கொள்கிறார்கள். இன்று செய்தியில் வரும் பணவீக்கம் உங்கள் ஃபண்டின் அசலில் ஏற ஒன்றிரண்டு மாதம் ஆகும்.

பணவீக்கம் 9 சதவீதம் போன வருஷம்தான் இந்த ஃபண்ட் நட்டம் காட்டுச்சு. அப்புறம் எதுக்கு "பணவீக்கப் பாதுகாப்பு"ன்னு பேரு?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். 2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 சதவீதம். அந்த ஆண்டு முடிவில், இவ்வகையில் பலரும் வைத்திருக்கும் ஐஷேர்ஸின் டிஐபி ஃபண்ட் ஏறத்தாழ 12 சதவீதம் நட்டத்தில் நின்றது. பத்திரங்கள் பேசியபடி பணவீக்கத்தைக் கொடுத்தன, அதில் குறையில்லை. விலையை அடித்தது வேறொன்று: ரியல் யீல்டு, அதாவது பணவீக்கத்துக்கு மேல் சந்தை கேட்கும் வட்டி.

2021 முடிவில் 10 ஆண்டு டிப்ஸின் ரியல் யீல்டு மைனஸ் 1 சதவீதம். பணவீக்கத்தைவிட ஆண்டுக்கு 1 சதவீதம் குறைவாகவே கிடைக்கும் என்று தெரிந்தேதான் சந்தை வாங்கிக்கொண்டிருந்தது. பெடரல் ரிசர்வ் அந்த ஒரே ஆண்டில் வட்டியைப் பூஜ்யத்தின் பக்கத்திலிருந்து 4.25–4.50 சதவீதத்துக்கு ஏற்ற, ரியல் யீல்டு பிளஸ் 1.6-ஐத் தொட்டது. 2.6 புள்ளி ஏற்றம். ஃபண்டின் டியூரேஷன் (விளக்கம் அடுத்த பத்தியில்) சுமார் 7 ஆண்டு. பெருக்கினால் 18 சதவீத விலைச்சரிவு. இந்தப் பக்கம் பணவீக்கம் சேர்த்தது 7 சதவீதச் சொச்சம். கழித்தால் நட்டம் 11-ஐ ஒட்டி வருகிறது. குறுகிய பத்திரங்களில் யீல்டு இன்னும் அதிகமாக ஏறியதால் மீதியும் போனது.

டியூரேஷன் என்பது, யீல்டு 1 புள்ளி ஏறினால் ஃபண்டின் விலை எத்தனை சதவீதம் இறங்கும் என்பதற்கான எண். ஃபண்டின் பெயரில் உள்ள பாதுகாப்பு பணவீக்கத்திடமிருந்து மட்டுமே. ரியல் யீல்டு ஏற்றத்திடமிருந்து உங்களைக் காப்பது, உங்கள் தேவைக்குத் தகுந்த டியூரேஷனைத் தேர்ந்தெடுப்பது ஒன்றுதான். அதே 2022-ல் ஐந்தாண்டுக்குள் முதிரும் பத்திரங்களை மட்டும் வைத்திருந்த வான்கார்டின் விடிஐபி இழந்தது சுமார் 3 சதவீதம். 15 ஆண்டுக்கு மேற்பட்டவற்றை வைத்திருந்த பிம்கோவின் எல்டிபிஇசட் இழந்தது 30 சதவீதத்துக்கும் மேல். மூன்றும் டிப்ஸ் ஃபண்டுகள்தான்.

சரி, அப்போ எந்த ஃபண்ட் வாங்கறது?

பணம் எப்போது வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டு மூன்று ஆண்டில் வேண்டுமென்றால் குறுகிய காலம்: விடிஐபி அல்லது ஐஷேர்ஸின் எஸ்டிஐபி, டியூரேஷன் சுமார் 2.5. ஆறேழு ஆண்டுக்கு மேல் தொடப்போவதில்லை என்றால் எல்லா முதிர்வுகளும் கலந்தவை: ஷ்வாப்பின் எஸ்சிஎச்பி, ஐஷேர்ஸின் டிஐபி, டியூரேஷன் 6.5 முதல் 7. எல்டிபிஇசட் போன்ற நீண்டகால ஃபண்ட் இருபது ஆண்டுக்கு அப்பால் செலவு உள்ளவருக்கு. அதை "பாதுகாப்பான அரசுப் பத்திரம்" என்று நினைத்து வாங்கியவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள்.

அடுத்து கட்டணம். விடிஐபி, எஸ்டிஐபி, எஸ்சிஎச்பி ஆண்டுக்கு 0.03 சதவீதம், டிஐபி 0.18. எல்லாமே ஒரே கருவூலத்தின் பத்திரங்களைத்தான் வைத்திருக்கின்றன. ரியல் யீல்டே 2 சதவீதம் என்னும்போது 0.15 சதவீதத்தைச் சும்மா விட்டுக்கொடுக்கக் காரணம் தெரியவில்லை. 401கே-யில் வேறு வழி இல்லாதபோது மட்டும் கூடுதல் கட்டணத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எனக்கு அஞ்சு வருஷத்துல பணம் வேணும். குறுகியதும் சரியா வரல, மத்ததும் சரியா வரல.

இரண்டையும் கலக்கலாம். 2.5 டியூரேஷன் உள்ளதில் 37.5 சதவீதமும் 6.5 உள்ளதில் 62.5 சதவீதமும் போட்டால் சராசரி 5. 40,000 டாலரில் 15,000 விடிஐபி, 25,000 எஸ்சிஎச்பி. ஆண்டுக்கு ஒருமுறை பெரியதிலிருந்து சிறியதற்கு மாற்றிக்கொண்டே வரவேண்டும்: நான்காண்டு மீதமிருக்கையில் 62.5 சதவீதம் குறுகியதில், மூன்றாண்டு மீதமிருக்கையில் 87.5. இரண்டரை ஆண்டுக்குக் கீழே வந்ததும் டி-பில்லையோ (ஓராண்டுக்குள் முதிரும் அரசுப் பத்திரம்) மணி மார்க்கெட் ஃபண்டையோ சேர்க்கத் தொடங்குங்கள். பெரும்பாலானோர் தவறுவது இந்த வருடாந்திர மாற்றத்தில்தான். தொடக்கத்தில் சரியாகக் கலந்துவிட்டு அப்படியே மறந்துவிடுகிறார்கள்.

மாற்றும் வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு 2023-ல் ஐஷேர்ஸ் ஐபாண்ட்ஸ் டிப்ஸ் என்ற வரிசையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு ஃபண்டும் ஒரு குறிப்பிட்ட ஆண்டில் முதிரும் பத்திரங்களை மட்டும் வைத்திருந்து, அந்த ஆண்டு அக்டோபரில் பணத்தைத் திருப்பிக் கொடுத்து மூடிவிடும். கட்டணம் 0.10 சதவீதம்.

ஃபண்டே வேண்டாம், நேரா பாண்டே வாங்கினா என்ன?

தாராளமாக வாங்கலாம். கருவூலத்தின் டிரெஷரிடைரக்ட் தளத்தில் குறைந்தபட்சம் 100 டாலர். புது 10 ஆண்டுப் பத்திரம் ஜனவரி, ஜூலையில் ஏலத்துக்கு வரும். புது 5 ஆண்டு ஏப்ரல், அக்டோபரில். 30 ஆண்டு பிப்ரவரியில். முதிர்வு வரை வைத்திருந்தால் நடுவில் விலை எவ்வளவு ஆடினாலும் வாங்கிய அன்றைய ரியல் யீல்டு ஏறக்குறையக் கைக்கு வந்துவிடும்.

ஆனால் டிரெஷரிடைரக்டில் ஐஆர்ஏ (தனிநபர் ஓய்வூதியச் சேமிப்பு) கணக்கு வைக்க முடியாது. முதிர்வுக்கு முன் விற்க வேண்டுமென்றால் பத்திரத்தை முதலில் புரோக்கருக்கு மாற்ற வேண்டும், அதற்கு நாளாகும். ஆகவே நேரடிப் பத்திரத்தையும் ஃபிடெலிட்டி, ஷ்வாப், வான்கார்டு போன்ற புரோக்கர் கணக்கில், முடிந்தால் ஐஆர்ஏ-வுக்குள் வாங்குவதே நல்லது. ஆண்டுக்கு ஒன்று முதிருமாறு ஏணி கட்டுபவர்களுக்கு ஒரு தகவல்: 2010-க்கு முன் சில ஆண்டுகள் 30 ஆண்டு டிப்ஸ் வெளியிடப்படவில்லை. அதனால் 2040-க்குச் சற்று முந்தைய சில ஆண்டுகளில் முதிரும் பத்திரமே கிடையாது. முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளில் கூடுதலாக வாங்கி அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும்.

எங்க 401கே-ல "ரியல் ரிட்டர்ன்"னு ஒரு ஃபண்ட் இருக்கு. அதுவும் இதுவும் ஒண்ணா?

பெயரை நம்பாதீர்கள். அந்தப் பெயரில் வரும் சில ஃபண்டுகளில் டிப்ஸோடு பண்டகங்களும் ரியல் எஸ்டேட் பங்குகளும் கடன் வாங்கிச் செய்த முதலீடும் கலந்திருக்கும். ஃபண்டின் விவரத் தாளில் கருவூலப் பத்திரங்களின் பங்கு எத்தனை சதவீதம், டியூரேஷன் எத்தனை, கட்டணம் எத்தனை என்ற மூன்று எண்களைப் பாருங்கள். முதல் எண் 95-க்குக் கீழே இருந்தால் இந்தப் பக்கத்தில் சொல்வது அதற்கு அப்படியே பொருந்தாது.

ஒரு மாசம் டிவிடெண்ட் நல்லா வருது, அடுத்த மாசம் சுத்தமா ஒண்ணும் இல்ல. ஃபண்டுல ஏதாவது கோளாறா?

கோளாறு இல்லை. ஃபண்ட் வட்டியை மட்டுமல்லாமல் அசலில் ஏறிய தொகையையும் டிவிடெண்டாகக் கொடுத்துவிடுகிறது. குறியீடு ஏறாத மாதத்தில் கொடுக்க எதுவும் இருக்காது. இறங்கினால் அடுத்து ஏறும்வரை நிறுத்திவைப்பார்கள். பருவகாலத் திருத்தம் செய்யாத எண் என்று மேலே சொன்னோம் அல்லவா, அது பொதுவாக ஆண்டின் முற்பாதியில் வேகமாக ஏறி, கடைசி மாதங்களில் படுத்துவிடும். தாமதத்தையும் சேர்த்துப் பார்த்தால் வசந்தத்திலும் கோடையிலும் டிவிடெண்ட் கொழுத்திருக்கும், குளிர்காலத்தில் வற்றிப்போகும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வந்த டிவிடெண்டை எல்லாம் செலவழித்தால் பணவீக்க ஈட்டையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடுகிறீர்கள். அசல் வாங்கும் சக்தியில் தேய்ந்துகொண்டே போகும். சேமிக்கும் காலத்தில் மறுமுதலீட்டை இயக்கி வையுங்கள். மாதச் செலவுக்கு நிலையான வரவு வேண்டுபவருக்கு இந்த ஃபண்ட் தோதுப்படாது.

ஃபண்ட் பக்கத்துல எஸ்இசி யீல்டு 7 சதவீதம்னு போட்டிருக்கு. இன்னொரு கம்பெனி 2 சதவீதம்னு போடுது. 7 தானே நல்லது?

எஸ்இசி யீல்டு என்பது அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் வகுத்த முறையில் கணக்கிடும் யீல்டு. இரண்டும் அநேகமாக ஒரே சரக்கு. சில நிறுவனங்கள் கடந்த மாதப் பணவீக்கத்தையும் ஆண்டுக் கணக்காகப் பெருக்கி யீல்டில் சேர்க்கின்றன. சில அதை விட்டுவிட்டு ரியல் யீல்டை மட்டும் காட்டுகின்றன. பணவீக்கம் சூடாக இருந்த ஒரு மாதத்தைப் பன்னிரண்டால் பெருக்கி வந்த 7-ஐ நம்பி வாங்கக்கூடாது. ஒப்பிடும்போது எல்லா ஃபண்டுக்கும் ரியல் யீல்டையே எடுங்கள்.

சாதா டிரெஷரி 4.5 தருது, டிப்ஸ் 2.2 தான். பாதிகூட இல்லையே?

2.2-க்கு மேல் பணவீக்கமும் வரும் என்பதை மறந்துவிட்டுக் கேட்கும் கேள்வி. உங்கள் எண்களையே எடுத்தால் வித்தியாசம் 2.3. இதற்குச் சந்தையில் பிரேக்ஈவன் என்று பெயர். அந்தக் காலம் முழுவதும் பணவீக்கம் சராசரியாக 2.3-ஐத் தாண்டினால் டிப்ஸ் ஜெயிக்கும், கீழே இருந்தால் சாதா டிரெஷரி ஜெயிக்கும். "பணவீக்கம் ஏறப்போகுது, டிப்ஸ் வாங்கலாமா" என்று கேட்பவர்கள் கவனிக்க: எல்லோரும் எதிர்பார்க்கும் பணவீக்கம் ஏற்கெனவே விலையில் இருக்கிறது. எதிர்பாராமல் வருவதற்குத்தான் டிப்ஸ் காப்பு.

விலைவாசி இறங்கிட்டா அசலும் போயிடுமா?

நேரடிப் பத்திரத்துக்கு ஒரு தரைமட்டம் உண்டு. முதிர்வில் ஏறிய அசல், தொடக்க அசல் இரண்டில் எது பெரிதோ அது கிடைக்கும். ஆனால் பழைய பத்திரத்தைச் சந்தையில் வாங்கினால் கணக்கு வேறு. 1,000 டாலர் பத்திரம் பணவீக்கத்தில் 1,300 ஆகியிருக்கும்போது வாங்கினால் தரைமட்டம் 1,000-தான். மேலே உள்ள 300 பணவாட்டத்தில் கரையலாம். ஃபண்டில் பெரும்பாலானவை இப்படி ஏற்கெனவே ஏறிய பத்திரங்களே. எனவே ஃபண்டுக்குத் தரைமட்டம் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

2008 இலையுதிர் காலத்தில் பணவாட்டப் பயம் வந்தபோது சாதா டிரெஷரிகளின் விலை ஏறியது, டிப்ஸ் விழுந்தது. கையில் பணம் வேண்டியவர்கள் விற்றுத் தள்ளியதும் ஒரு காரணம். பங்குச்சந்தை சரியும்போது தாங்கிப் பிடிக்கும் வேலைக்கு சாதா டிரெஷரியே மேல்.

எந்தக் கணக்குல வெச்சா வரி கம்மி?

401கே, ஐஆர்ஏ-தான் முதல் தேர்வு. சாதாரணக் கணக்கில் நேரடிப் பத்திரம் வைத்தால், கைக்கு வராத அசல் ஏற்றத்துக்கும் அந்தந்த ஆண்டே மத்திய வரி கட்ட வேண்டும். ஃபண்டில் அந்தத் தொகை டிவிடெண்டாகக் கைக்கு வருவதால் இந்தத் தலைவலி இல்லை, ஆனால் வரி அதேதான், சம்பளத்துக்குப் போடும் விகிதத்தில். ரியல் யீல்டு 2, பணவீக்கம் 3 என்றால் மொத்தம் 5. 24 சதவீத வரி போக 3.8, பணவீக்கம் கழித்தால் மிச்சம் 0.8. பணவீக்கம் 8 ஆனால் மொத்தம் 10, வரி போக 7.6, மிச்சம் மைனஸ் 0.4. பணவீக்கம் கூடக் கூட வரி பாதுகாப்பைத் தின்னும்.

ஒரு ஆறுதல், மாநில வருமான வரி கிடையாது. கலிஃபோர்னியா, நியூயார்க், கனெக்டிகட்டில் ஃபண்டின் சொத்தில் குறைந்தது பாதி அமெரிக்க அரசுப் பத்திரமாக இருந்தால்தான் இந்த விலக்கு. டிப்ஸ் ஃபண்டுகளுக்கு அது பிரச்சினையே இல்லை. ஆனால் புரோக்கர் அனுப்பும் 1099-டிவ் என்ற டிவிடெண்ட் படிவத்தில் இந்த விலக்கு தனியாக வராது. ஃபண்ட் நிறுவனம் ஜனவரி, பிப்ரவரியில் வெளியிடும் அரசுப் பத்திர வருமானச் சதவீதப் பட்டியலை எடுத்து, உங்கள் டிவிடெண்டை அதால் பெருக்கி, மாநிலப் படிவத்தில் நீங்களே கழிக்க வேண்டும். டாக்ஸ் மென்பொருள் இதைக் கேட்கும். பலர் புரியாமல் தாண்டிப் போய் மாநில வரியைக் கட்டிவிடுகிறார்கள். டெக்சஸ், வாஷிங்டன், ஃபுளோரிடாவில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

ஐ பாண்ட் இருக்கும்போது இது எதுக்கு?

ஐ பாண்ட் என்பது பணவீக்கத்தோடு வட்டி மாறும் அமெரிக்க அரசுச் சேமிப்புப் பத்திரம். அதன் மதிப்பு இறங்கவே இறங்காது, வரியை எடுக்கும்வரை தள்ளிப்போடலாம். சிக்கல் அளவில்தான்: ஒருவருக்கு ஆண்டுக்கு 10,000 டாலர். முதல் 12 மாதம் எடுக்க முடியாது, ஐந்தாண்டுக்குள் எடுத்தால் கடைசி மூன்று மாத வட்டி போகும், ஐஆர்ஏ-வில் வைக்கவும் முடியாது. அவசரகாலப் பணத்தின் ஒரு பகுதிக்கு நல்லது. ஓய்வூதியத் தொகை அளவுக்கு அது போதாது.

நட்டத்துல இருக்கற ஃபண்டை வித்துட்டு உடனே வேற டிப்ஸ் ஃபண்ட் வாங்கலாமா?

முன்னும் பின்னும் 30 நாட்களுக்குள் கணிசமாக அதே மாதிரியான ஒன்றை வாங்கினால் வாஷ் சேல் விதியில் நட்டத்தைக் காட்ட முடியாமல் போகும். டிஐபி-யை விற்று எஸ்சிஎச்பி வாங்குவது விவாதத்துக்குரியது. விடிஐபி-க்கு மாறுவது பாதுகாப்பானது. பலர் மாட்டிக்கொள்வது இரண்டு இடங்களில்: தானியங்கி டிவிடெண்ட் மறுமுதலீட்டை அணைக்க மறப்பது, அதே ஃபண்டை ஐஆர்ஏ-வில் வாங்கிவிடுவது.

இந்தியாவுல இதே மாதிரி ஃபண்ட் இருந்தா அங்கேயே போட்டுடலாமே?

இல்லை. ரிசர்வ் வங்கி 2013 ஜூனில் மொத்த விலைக் குறியீட்டோடு இணைந்த பத்திரத்தையும், டிசம்பரில் நுகர்வோர் விலைக் குறியீட்டோடு இணைந்த சில்லறைச் சேமிப்புப் பத்திரத்தையும் கொண்டுவந்தது. வரவேற்பு இல்லாமல் இரண்டுமே தொடரவில்லை. மிதவை வட்டிச் சேமிப்புப் பத்திரம் என்று இப்போது விற்பது என்எஸ்சி (தேசிய சேமிப்புப் பத்திரம்) வட்டிக்கு மேல் 0.35 சதவீதம் தரும் ஏழாண்டுப் பத்திரம். விலைவாசியோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை. தவிர, டிப்ஸ் காப்பது அமெரிக்க விலைவாசியிடமிருந்து. சென்னை விலைவாசிக்கும் ரூபாய் மதிப்புக்கும் அது காப்பாகாது.

ரெண்டு வருஷத்துல ஊருக்குத் திரும்பறோம். கையில இருக்கற டிப்ஸ் ஃபண்டை என்ன பண்றது?

அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்கும்வரை அமெரிக்க வரி அப்படியே தொடரும். இரண்டும் இல்லாமல் திரும்புபவர் வரிக்கு அயலார் ஆகிறார். புரோக்கருக்கு டபிள்யூ-8பென் (அயலார் என்று அறிவிக்கும் படிவம்) கொடுக்க வேண்டும். ஃபண்ட் டிவிடெண்டுக்கு இந்திய ஒப்பந்தப்படி 25 சதவீதம் வரை பிடித்தம் வரலாம். அரசுப் பத்திர வட்டியிலிருந்து வந்த பங்குக்கு விலக்கு கிடைக்கக்கூடும், ஆனால் அதை ஃபண்ட் நிறுவனம் அறிவித்திருக்க வேண்டும், புரோக்கரும் செயல்படுத்த வேண்டும்.

பெரிய ஆபத்து வாரிசு வரி. அயலார் ஒருவர் இறந்தால் அமெரிக்காவில் உள்ள சொத்தில் 60,000 டாலருக்கு மேல் 40 சதவீதம் வரை வரி; இந்தியாவோடு இதற்கு ஒப்பந்தம் இல்லை. அமெரிக்க ஃபண்டின் யூனிட்டுகள் இந்தக் கணக்கில் வரும், நேரடியாக வைத்திருக்கும் டிரெஷரி பத்திரங்கள் வராது. எனவே பெரிய தொகை வைத்திருப்பவர்கள், அயலாரை வாடிக்கையாளராக ஏற்கும் புரோக்கரிடம் ஃபண்டிலிருந்து நேரடி டிப்ஸுக்கு மாறுவதைப் பற்றிக் கிளம்புமுன் சிபிஏவிடம் பேசுங்கள். அயர்லாந்தில் பதிவான டிப்ஸ் ஃபண்டுகளும் உள்ளன. ஆனால் அமெரிக்க வரிக் குடியிருப்பில் இருக்கும்போதே அவற்றை வாங்கினால் பிஎஃப்ஐசி என்ற வெளிநாட்டு முதலீட்டு நிறுவன விதியில் மாட்டி ஆண்டுதோறும் 8621 படிவம் நிரப்ப நேரும். திரும்பிய பிறகே வாங்குங்கள். இந்தியாவில் ஆர்என்ஓஆர் (ஊர் திரும்பியவருக்குக் கிடைக்கும் இடைக்கால வரி நிலை) நீடிக்கும் ஓரிரு ஆண்டுகள் வெளிநாட்டு டிவிடெண்டுக்கு அங்கே வரி இல்லை. அது முடிந்ததும் வருமான வரிப் படிவத்தின் எஃப்ஏ (வெளிநாட்டுச் சொத்து) அட்டவணையில் இந்த யூனிட்டுகள் ஒவ்வொன்றையும் காட்ட வேண்டும், அந்த ஆண்டு வருமானமே வராவிட்டாலும்.